பணியிட மரியாதை: யார் யாருக்குத் தருவது?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சின்னத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. கடைகளில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவே நின்று வேலை செய்பவர்கள் உட்கார ஏற்பாடு வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த நியாயம் நம் ஊர் ஜவுளிக் கடைக்கு வந்து சேர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இத்தனை தாமதத்துக்கு முக்காலியின் விலை காரணமில்லை. வாடிக்கையாளர் கண்ணெதிரே ஊழியர் உட்கார்ந்திருந்தால் அது கடைக்கு மரியாதைக் குறைவு என்று முதலாளிகள் நினைத்தார்கள். வாடிக்கையாளர்களான நாமும் அப்படித்தான் நினைத்தோம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் தென்மாவட்டப் பிள்ளைகளின் கால்களை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படம் தமிழ்நாடு முழுவதற்கும் காட்டியது. அதற்குப் பிறகும் சட்டம் வர 11 ஆண்டுகள் பிடித்தன.

பணியிட நாகரிகம் என்ற பேச்சை நான் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் இந்தப் பேச்சு எப்போதும் புதிதாக வேலைக்குச் சேர்பவரை நோக்கியே நடக்கிறது. நேரத்துக்கு வா, சட்டையைச் சொருகிக்கொள், மேலதிகாரி வந்தால் எழுந்திரு, குறுக்கே பேசாதே என்று பட்டியல் நீளும். இவற்றில் பல நல்ல பழக்கங்களே. ஆனால் அறிவுரை முழுவதும் கீழே இருப்பவருக்கு, மரியாதை முழுவதும் மேலே இருப்பவருக்கு என்று ஆகிவிட்டது. பணியிட மரியாதை ஒருவருடைய உத்தியோக வாழ்வை எப்படி உயர்த்துகிறது, எப்படிக் கெடுக்கிறது என்று கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகளையும் வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறொன்று. மேலிருந்து கீழே போகும் மரியாதைதான் வேலையின் தரத்தையும் ஊழியரின் வளர்ச்சியையும் அதிகம் தீர்மானிக்கிறது. நாம் மிகக் குறைவாகப் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

மேலே இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்ற பாடம் நமக்குப் புதிதில்லை. திருக்குறளின் 70ஆம் அதிகாரமான 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' முழுவதும் அதிகாரத்தின் பக்கத்தில் வேலை செய்பவனுக்கான நடைமுறை அறிவுதான். மிக நெருங்கவும் வேண்டாம், மிக விலகவும் வேண்டாம். சபையில் அடுத்தவர் காதில் கிசுகிசுக்காதே. பழைய பழக்கத்தை நம்பி உரிமை எடுத்துக்கொள்ளாதே என்று அது எச்சரிக்கிறது. இன்றைய தலைமைச் செயலக உதவியாளருக்கும் பொருந்தும் செய்திகள் இவை. அதே நூல் ஆள்பவனுக்கும் காட்சிக்கு எளியவனாக இரு, கடுஞ்சொல் பேசாதே என்று பல இடங்களில் சொல்கிறது. நாம் முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம்.

வெள்ளைக்காரன் ஆட்சி இந்த முதல் பாதிக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது. மாவட்ட ஆட்சியருக்கு முன்னால் வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையும் அணிந்து நடக்கும் டபேதார், மேசை மேல் அழைப்பு மணி, வாசலில் ஸ்டூல் போட்டுக் காத்திருக்கும் பியூன், வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' என்று வளர்ந்தது நம் அலுவலகம். நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தப் பழக்கங்களில் பெரும்பாலானவை அப்படியே தங்கிவிட்டன. உடையிலும் அதே கதைதான். சென்னை சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றத்தில் 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்தார் என்று உள்ளே விடவில்லை. வேட்டிக்குத் தடை போடுவதைத் தடுக்க அந்த ஆண்டே தனிச் சட்டம் வந்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசாணை பெண்களுக்குச் சேலை, துப்பட்டாவோடு சுடிதார் என்றும், ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும் அல்லது வேட்டி என்றும் வரையறுத்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் மன்ற வாசலில் நாகரிகக் குறைவாக இருந்த வேட்டி, அலுவலக ஆணையில் தமிழ்ப் பண்பாட்டின் அடையாளமாக ஏறிவிட்டது. உடை விதிகள் அந்தந்தக் காலத்து அதிகாரத்தின் விருப்பத்தை ஒட்டி மாறுபவை. அவற்றைக் கடைப்பிடிப்பது வசதி. அவற்றை வைத்து ஒருவரின் திறமையை அளப்பது தவறு.

அரசு வேலையில் நடத்தைக்கும் பதவி உயர்வுக்கும் நடுவே ஒரு நேரடிக் குழாய் இருக்கிறது. ஊழியர்கள் சி.ஆர். என்று சொல்லும் மந்தண அறிக்கைதான் அது. ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதுவார். யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர் கண்ணில் முன்பெல்லாம் பெரும்பாலும் அது பட்டதில்லை. எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டுகளும் 'மிக நன்று' வேண்டும். ஓர் ஆண்டில் அவருக்கு 'நன்று' என்று போடப்பட்டிருந்தது. அவருக்கு அது தெரிவிக்கப்படவும் இல்லை, அவர் மறுத்துப் பேச வழியும் இல்லை. அந்த ஒரு சொல்லால் உயர்வு போயிற்று. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதத்தில், பாராட்டோ குறையோ எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்த ஆண்டே மத்திய அரசு, அறிக்கையை முழுவதுமாக ஊழியரிடம் காட்டும் புதிய முறையைக் கொண்டு வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

அந்தப் புதிய படிவத்தில் செய்த வேலைக்கு 40 விழுக்காடு, பணித் திறனுக்கு 30, தனிப்பட்ட பண்புகளுக்கு 30 என்று மதிப்பெண் பிரிகிறது. பண்புகளில் பிறரோடு பழகும் விதமும் பொதுவான நடை, தோற்றமும் அடங்கும். இந்த 30 விழுக்காட்டில் ஒரு பகுதியை மரியாதையே தீர்மானிக்கிறது. யாரிடம் காட்டிய மரியாதை? எழுதுபவர் மேலதிகாரி. அவர் பார்ப்பது தன்னிடம் காட்டிய மரியாதையை. தன் கீழே இருக்கும் அலுவலக உதவியாளரை அந்த ஊழியர் எப்படி நடத்துகிறார் என்பது அவர் கண்ணில் விழ வாய்ப்பே குறைவு. மேலே கும்பிடு, கீழே கடுகடுப்பு என்ற இரட்டை முகத்தோடு ஒருவர் 30 ஆண்டு வேலை பார்த்து உச்சிக்குப் போக முடிவதும் இதனால்தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி)யின் கீழ் குற்றச்சாட்டு ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் சேர்வது கடினம். அதிகாரியை எதிர்த்துப் பேசினால் 17(பி) வரும் என்ற அச்சம் எத்தனை நியாயமான வாய்களை மூடியிருக்கிறது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

தனியார் துறைக்கு வருவோம். அங்கே இதற்குப் பெயர் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்'. பொறியியல் கல்லூரிகளில் இதைக் கற்பிக்க ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சு, நேர்காணல், ஆளுமை வளர்ச்சி எல்லாம் இடம்பெற்றன. அரசே ஏழைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முன்வந்தது நல்ல செயல். தனியாரிடம் காசு கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்றால் காசுள்ளவனே மறுபடி முன்னே போவான்.

ஆனால் இந்தப் பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு கணக்குகளை மாணவர்கள் நம்பிவிடக் கூடாது. வேலை வெற்றியில் 85 விழுக்காடு பழகும் திறன், 15 விழுக்காடுதான் தொழில் அறிவு என்பது ஒன்று. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு என்று பெரிய பெயர்களைச் சேர்த்துச் சொல்வார்கள். இதற்கு மூலமாகக் காட்டப்படுவது சார்லஸ் மான் என்பவர் கார்னெகி அறக்கட்டளைக்காக 1918இல் எழுதிய பொறியியல் கல்வி பற்றிய அறிக்கை. எந்தக் குணங்கள் முக்கியம் என்று அன்றைய அமெரிக்கப் பொறியாளர்களிடம் கேட்டுத் தொகுத்த கருத்து அது. யாருடைய வேலை வாழ்வையும் பின்தொடர்ந்து அளந்த ஆய்வு இல்லை. இன்னொன்று, பேச்சில் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 விழுக்காடு என்ற கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்தது. ஒருவர் நம்மை விரும்புகிறாரா இல்லையா என்ற உணர்வை, சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பது மட்டுமே அவர் கேட்ட கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். நேர்காணலில் எதைச் சொன்னாலும் பரவாயில்லை, எப்படிச் சொல்கிறாய் என்பதே முக்கியம் என்று ஒரு மாணவியிடம் சொல்வது அவளுக்குச் செய்யும் துரோகம். பாடம் தெரியாதவளை எந்தப் புன்னகையும் நெடுநாள் காப்பாற்றாது.

அப்படியென்றால் பழகும் திறனுக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. அதற்கு நம்பத்தக்க சான்றும் உண்டு. பொருளாதார அறிஞர் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980க்கும் 2012க்கும் இடையே அமெரிக்க வேலைகளில் மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. கணக்கும் தெரிந்து பழகவும் தெரிந்தவர்களுக்கே ஊதியம் நன்றாக ஏறியது. இன்னும் நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சு, நேர மேலாண்மை, சிக்கலைத் தீர்ப்பது போன்றவற்றில் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள் அத்வர்யு, கலா, நிஷாதம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள். பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித் திறன் 13.5 விழுக்காடு கூடியது. பயிற்சி பெறாமல் அவர்களோடு அதே வரிசையில் உட்கார்ந்து தைத்தவர்களின் வேலையும் மேம்பட்டது. கூலி உயர்ந்தது எவ்வளவு? அரை விழுக்காடு. நிறுவனத்துக்கோ போட்ட பணத்தைப் போல் பல மடங்கு லாபம்.

இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நாகரிகமாகப் பேசவும் பழகவும் கற்றுக்கொண்டால் முன்னேறலாம் என்று சொல்கிறோம். கற்றுக்கொண்டார்கள், வேலையும் சிறந்தது, முன்னேற்றம் மட்டும் முதலாளியின் கணக்கில் ஏறியது. பண்புக்குக் கிடைக்கும் பலன், அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் பேரம் ஊழியரிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மென்பொருள் பொறியாளர் வேறு கம்பெனிக்குத் தாவ முடியும். அவருடைய பழகும் திறன் சம்பளமாக மாறுகிறது. ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கித் தைக்கும் பெண்ணுக்கு அந்த வழி குறுகியது.

நாகரிகம் என்ற பெயரில் வாசலிலேயே ஆளைப் பிரிக்கும் வேலையும் நடக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களைத் தயாரித்து இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 0.67 ஆகவும், முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. அதே காலத்தில் சுரீந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் தில்லிப் பகுதியில் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். சாதியா, நாங்கள் பார்ப்பதே இல்லை என்றார்கள் அந்த மேலாளர்கள். கூடவே, நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை நன்றாகப் பழகுவான் என்பது அவர்கள் கணக்கு. அப்பா என்ன செய்கிறார் என்ற அந்தக் கேள்வியைச் சந்திக்காத முதல் தலைமுறைப் பட்டதாரி நம் ஊரில் யாராவது இருக்கிறார்களா? வீட்டில் சோற்றைக் கையால் அள்ளிச் சாப்பிட்டு வளர்ந்தவர் முள்கரண்டியைப் பிடிக்கத் தடுமாறுவது பண்புக் குறைவு ஆகாது. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறாரா, தவறு நேர்ந்தால் பழியைப் பக்கத்தில் இருப்பவர் மேல் போடாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். அதைக் குடும்பப் பின்னணி சொல்லாது.

இனி, மேலிருந்து வரும் அவமரியாதை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிறிஸ்டின் போராத், கிறிஸ்டின் பியர்சன் என்ற இருவர் இதையே வாழ்நாள் ஆய்வாகச் செய்தவர்கள். 17 தொழில்துறைகளைச் சேர்ந்த 800 மேலாளர்களிடமும் ஊழியர்களிடமும் அவர்கள் கேட்டதன் முடிவு 2013இல் வெளிவந்தது. அவமதிக்கப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினர் வேண்டுமென்றே உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். 80 விழுக்காட்டினர் நடந்ததையே நினைத்து வேலை நேரத்தை இழந்தார்கள். 25 விழுக்காட்டினர் அந்தக் கோபத்தை வாடிக்கையாளர் மேல் காட்டியதாக ஒப்புக்கொண்டார்கள். 12 விழுக்காட்டினர் வேலையை விட்டே போனார்கள். அரசு அலுவலகத்தில் சாளரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம்மிடம் எரிந்து விழும் எழுத்தருக்குக் காலையில் என்ன நடந்திருக்கும் என்று இந்தக் கடைசி எண்கள் கொஞ்சம் சொல்கின்றன.

உழைப்பைக் குறைப்பதாவது மனமறிந்து செய்வது. மனமறியாமலே அறிவு மங்குவதை இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனை காட்டியது. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் 24 மருத்துவக் குழுக்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டிலிருந்து கவனிப்பதாகச் சொல்லப்பட்ட நிபுணர் அவர்கள் தரத்தைப் பற்றி இரண்டொரு மட்டமான வார்த்தை சொன்னார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்தன. 2015இல் வெளியான இந்த முடிவை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரித் துறைத் தலைவரும் படிக்க வேண்டும். வார்டு ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னிலையிலும் பயிற்சி மருத்துவரைக் கிழிப்பது கற்பிக்கும் முறை என்று இன்னமும் நம்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிழிப்பின் விலையைப் படுக்கையில் கிடக்கும் நோயாளி கொடுக்கிறார்.

அதிகப் பணிவும் உயிரைக் குடிக்கும். 1978 டிசம்பர் 28ஆம் நாள் யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் விமானம் அமெரிக்காவின் போர்ட்லேண்டு நகருக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் தலைமை விமானி மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவதை அவருக்குக் கீழே பணியாற்றிய விமானிக் குழுவினர் கண்டார்கள். ஆனால் உரக்கச் சொல்லாமல் ஜாடைமாடையாகச் சொன்னார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். இந்த விபத்துக்குப் பின் 1981இல் அந்த நிறுவனம் விமானிகளுக்குப் புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மூத்தவர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும் என்பது அதன் உயிர். இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு அது கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்கிறது. பெயர் சொல்லிப் பேசிவிட்ட செவிலியருக்கு, பிறகு 'டாக்டர், ஒரு நிமிடம்' என்று சொல்லும் துணிவு வருகிறது. பெரியவர் பேசும்போது வாயைத் திறக்காதே என்று நாம் வளர்க்கும் பிள்ளைகள் அலுவலகக் கூட்டங்களிலும் தவறைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனத்தை மரியாதை என்று மெச்சாமல் இருப்போம்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமையில் அழைப்பது. அதிகாரி ஒருவர் ஊழியரை ஒருமையில் பேசியதைக் கண்டித்து உள்ளிருப்புப் போராட்டம் என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. சம்பளத்துக்காகக் கூடாத கூட்டம் இதற்காகக் கூடும். காரணம், 'வா', 'போ', 'டா' என்பவற்றோடு நம் ஊரில் சாதியின் நெடிய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 50 வயதுத் தூய்மைப் பணியாளரை 25 வயது இளநிலை உதவியாளர் 'ஏம்ப்பா, இங்க வா' என்று கூப்பிடுவதும், அதே வாய் தன் மேலதிகாரியின் பள்ளிக்கூடப் பிள்ளையை 'தம்பி, வாங்க' என்பதும் ஒரே கட்டடத்தில் நடக்கும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவரே கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பதவியிலேயே இது நடக்கும் என்றால், ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மென்பொருள் கம்பெனிகள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கத்தைக் கொண்டு வந்தன. நல்ல மாற்றம். அங்கேயும் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்களுக்கு இந்த மரியாதைக் கணக்கு இன்னும் கடுமையானது. குரலை உயர்த்தினால் திமிர், உயர்த்தாவிட்டால் தலைமைப் பண்பு இல்லை. கூட்டத்தில் ஆண் ஊழியர்கள் எல்லாம் 'சார்', பெண் ஊழியர் மட்டும் 'என்னம்மா'. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுக் கிராம ஊழியர் ஒருவர் 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பிறகு, அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அது சட்டமானது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலெல்லாம் உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்கப் போகும் பெண்ணிடம் முதலில் சொல்லப்படும் வார்த்தை இன்றும் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, உன் பேர்தான் கெடும்' என்பதுதான். அநீதியைப் பொறுத்துப்போவதை நாகரிகம் என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள், அவள் வேலையை விட்டு நின்ற பிறகு பெண்களுக்கு லட்சியம் இல்லை என்று அங்கலாய்க்கிறார்கள்.

கைபேசி வந்த பிறகு அலுவலகம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் போடும் கேள்விக்கு உடனே பதில் தராதவர் ஈடுபாடு இல்லாதவர் ஆகிவிடுகிறார். பிரான்சு 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டு முதலும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டமாக்கியிருக்கின்றன. நம் மக்களவையில் இதற்காகச் சுப்ரியா சுலே கொண்டு வந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை மேலாளர்கள் காத்திருக்கத் தேவையில்லை. செய்தியைக் காலையில் அனுப்பலாம்.

புதிதாக வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, இவற்றையெல்லாம் காரணம் காட்டி நல்ல பழக்கங்களை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதே. நேரத்துக்குப் போவதும், சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பதும், முடியாது என்றால் முன்கூட்டியே சொல்வதும் உங்களை உயர்த்தும். அடுத்தவர் செய்த வேலையை அவர் பெயரோடு சொல்லுங்கள். ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் போராத் குழுவினர் செய்த இன்னோர் ஆய்வில், பண்பாக நடப்பவர் என்று பெயரெடுத்தவர்களிடமே சக ஊழியர்கள் ஆலோசனை கேட்கப் போனார்கள், அவர்களையே தலைவராகவும் கருதினார்கள். ஜால்ரா போட்டு வாங்கும் உயர்வு அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும் நாளோடு போய்விடும். பக்கத்து மேசைக்காரரின் மதிப்பு உங்களோடு அடுத்த வேலைக்கும் வரும்.

பெரிய மாற்றம் மதிப்பீட்டு முறையில்தான் தொடங்க வேண்டும். மத்திய அரசு 2015 முதல் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களோடு வேலை செய்த பல நிலையினரிடமும் கருத்துக் கேட்கும் முறையைப் பின்பற்றுகிறது. 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதை வெளிப்படைத்தன்மை இல்லாதது என்று கண்டித்தது. கண்டிப்பு நியாயமானதே, யாரிடம் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரியாத முறை இன்னொரு மந்தண அறிக்கையாக முடியும். ஆனால் கீழே இருப்பவரிடம் கேட்பது என்ற அடிப்படை சரியானது. எழுத்து மூலமாக, குறிப்பிட்ட கேள்விகளோடு, சொன்னவர் பெயரை மறைத்து, மதிப்பிடப்படுபவருக்கு முழு விவரம் காட்டி அதைச் செய்ய முடியும்.

தமிழ்நாடு அரசுக்கும் இங்குள்ள பெரிய நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு பிரிவுக்குத் தலைவராக ஒருவரை உயர்த்தும் முன், அவருக்குக் கீழே வேலை பார்த்த கடைநிலை ஊழியர் ஐந்து பேரிடம், ஓட்டுநர், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர் உட்பட, அவர் தங்களை எப்படி நடத்தினார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.